மோட்டாருக்கு முன் தராசு: இறுதியாண்டு ப்ராஜெக்ட் நடத்தும் ஆசிரியருக்கு

வாசகர் கேள்வி:

பெங்களூருவில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் துறை உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். இது ஐந்தாவது ஆண்டு. சொந்த ஊர் கிருஷ்ணகிரி, குடியிருப்பது அல்சூரில். எம்.டெக். முடித்தவன், பிஎச்.டி.க்கு இன்னும் பதிவு செய்யவில்லை. இந்த ஆண்டு நான்கு இறுதியாண்டுக் குழுக்களுக்கு நான்தான் வழிகாட்டி. சென்ற ஆண்டு என் குழு ஒன்று வெளியே பணம் கொடுத்து ப்ராஜெக்டை வாங்கி வந்தது பின்னால்தான் தெரிந்தது. இன்னொரு குழு காய்கறித் தள்ளுவண்டியில் மோட்டார் பொருத்தியது: 24 வோல்ட், 250 வாட் கியர் மோட்டார், தண்டின் வேகம் நிமிடத்துக்கு 300 சுற்று, 9 பல் ஸ்ப்ராக்கெட்டிலிருந்து (செயின் ஓடும் பல்சக்கரம்) 18 பல்லுக்கு செயின், 60 செ.மீ. சக்கரம். வளாகத்தில் காலி வண்டி அழகாக ஓடியது. சரக்கேற்றி மொத்தம் 250 கிலோவாக மேட்டில் விட்டபோது நின்றுவிட்டது, கன்ட்ரோலரும் புகைந்தது. கையிலிருந்து செலவழித்த பிள்ளைகள் மனம் உடைந்தார்கள். இந்த வேலையை எப்படி ஒழுங்காக நடத்துவது? இதில் நேரம் போட்டால் பதவி உயர்வு தள்ளிப்போகும் என்கிறார்களே, அது உண்மையா?

பதில்:

வண்டியிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் எழுதியிருக்கும் எண்களிலேயே பாதி பதில் இருக்கிறது.

உங்கள் மாணவர்கள் மோட்டாரைத் தவறாக வாங்கவில்லை. 250 வாட் போதும். கியர் விகிதம்தான் தவறு. 250 வாட்டை 300 சுற்றில் தரும் மோட்டாரின் முறுக்குவிசை (தண்டைச் சுழற்றும் வலு) ஏறக்குறைய 8 நியூட்டன் மீட்டர். 9 பல்லிலிருந்து 18 பல்லுக்குப் போனால் அது இரட்டிப்பாகும். செயின் இழப்பு போகச் சக்கரத்தில் 15. அதை 0.3 மீட்டர் ஆரத்தால் வகுத்தால் 50 நியூட்டன், அதாவது சுமார் 5 கிலோ இழுவை. இனி வண்டிக்கு எவ்வளவு தேவை என்று பாருங்கள். உருளும் எதிர்ப்பு எடையில் 3 சதவீதம் என்று வைத்தால் 250 கிலோ வண்டிக்குச் சமதரையில் 7.5 கிலோ. 20 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறும் சாலையில் இன்னும் 12.5 கிலோ. ஆக 20 கிலோ இழுவை. இருந்தது கால் பங்குதான். காலி வண்டி 100 கிலோ என்றால் சமதரையில் 3 கிலோ போதும். அதனால்தான் வளாகத்தில் ஓடியது. அந்தக் கியர் விகிதத்தில் வண்டியின் வேகம் மணிக்கு 17 கி.மீ. வரும். தள்ளுவண்டிக்காரர் நடக்கும் வேகம் 4 கி.மீ. நடப்பவருக்கு வேண்டிய இழுவையை, வேகமாக ஓடும் வண்டிக்கான கியரிலிருந்து கேட்டிருக்கிறார்கள். மேட்டில் நின்ற மோட்டார் மின்னோட்டத்தை மேலும் மேலும் இழுத்தது, கன்ட்ரோலர் சூடேறிப் புகைந்தது.

மணிக்கு 4 கி.மீ. என்றால் சக்கரம் நிமிடத்துக்கு 35 சுற்று. 300-ஐ 35-ஆல் வகுத்தால் விகிதம் 8.57. ஒரே செயினில் இதைக் கொண்டுவர 9 பல்லுக்கு எதிரே 77 பல் ஸ்ப்ராக்கெட் வேண்டும். அதன் விட்டமே 31 செ.மீ., சக்கரத்தில் பாதி. ஆகவே நடுவில் ஓர் இடைத்தண்டு போட்டு 9-லிருந்து 27, பிறகு 14-லிருந்து 40 என்று இரண்டு படியாகக் குறைக்க வேண்டும். 3 மடங்கும் 2.86 மடங்கும் சேர்ந்து 8.57. இரண்டு செயின் இழப்பையும் கழித்தால் சக்கரத்தில் 61 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். தேவை 59. விளிம்பில்தான் நிற்கிறது, ஆனாலும் பின்னால் ஒரு மனிதர் கைவைத்துத் தள்ளிக்கொண்டிருக்கிறார் என்பதால் போதும். இந்தக் கணக்கு முழுவதும் ஒரு பக்கத்தில் அடங்கும். மோட்டார் வாங்குவதற்கு முன் அந்த ஒரு பக்கத்தை யாரும் எழுதவில்லை, எழுதச் சொல்லவும் இல்லை. உங்கள் முதல் கேள்விக்கு என் விடை இதுதான்: பொருள் வாங்கும் நாளுக்கு முந்தைய பத்து வாரங்கள்தான் வழிகாட்டியின் உண்மையான வேலை.

முதல் மூன்று வாரம் அளப்பதற்கு மட்டும். நான் மேலே எடுத்த 3 சதவீதத்தையும் 20-க்கு 1-ஐயும் மாணவர்கள் நம்பக் கூடாது, அளக்க வேண்டும். 50 கிலோ காட்டும் தொங்கு தராசு ஒன்று போதும். வண்டியின் முன்பக்கம் கயிறு கட்டி, தராசைக் கிடையாகப் பிடித்து, மெதுவாக ஒரே வேகத்தில் இழுத்து ஐந்து முறை படிக்கட்டும். அதே தெருவில் எதிர்த் திசையிலும் ஐந்து முறை. இரண்டின் சராசரியில் கண்ணுக்குத் தெரியாத சரிவு அடிபட்டுப்போகும். கிளம்பும் நொடியில் தராசு காட்டும் எண்ணைத் தனியாகக் குறிக்கச் சொல்லுங்கள். அது எப்போதும் அதிகமாக இருக்கும். சரிவை அளக்கக் கொத்தனார் பயன்படுத்தும் தண்ணீர்க் குழாய் மட்டம் போதும். 10 மீட்டர் இடைவெளியில் 50 செ.மீ. வேறுபாடு வந்தால் அதுதான் 20-க்கு 1.

எண்களைவிட முக்கியமான ஒன்று வண்டிக்காரரோடு அரை நாள் நடப்பது. நீங்கள் அல்சூரில் இருக்கிறீர்கள். அங்கே தமிழ் பேசும் வண்டிக்காரர்களுக்குக் குறைவில்லை. தமிழ் தெரியாத மாணவர்கள் குழுவில் இருந்தால் நீங்களும் கூடவே போங்கள், ஆனால் கேள்விகளை அவர்களே கேட்கட்டும். என்ன கிடைக்கும் என்று ஓர் உதாரணம் சொல்கிறேன். சைக்கிளில் இருப்பதுபோல ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் ஃப்ரீவீல் வைத்தால் மோட்டார் ஓடாதபோதும் வண்டியை முன்னால் எளிதாகத் தள்ளலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். வண்டிக்காரரோ சந்தில் நுழைய, ஆட்டோவுக்கு வழிவிட, கடை போட என்று ஓயாமல் பின்னால் இழுக்கிறார். பின்னால் இழுத்தால் ஃப்ரீவீல் பிடித்துக்கொள்ளும்; செயின், இடைத்தண்டு, மோட்டாருக்குள் இருக்கும் கியர் எல்லாவற்றையும் சேர்த்துச் சுழற்ற வேண்டியிருக்கும். வண்டி நகராது. ஒரு கம்பியை இழுத்தால் சக்கரம் தனியாகக் கழன்றுகொள்ளும் அமைப்பு தேவை. அரை நாள் கூட நடந்தவர்களுக்கு மட்டுமே இது தெரியும். இறக்கமும் அப்படித்தான்: ஃப்ரீவீல் இருப்பதால் மோட்டார் பிரேக்காக உதவாது, கையால் இழுத்துப் பூட்டக்கூடிய தனி பிரேக் வேண்டும். இரண்டு சக்கரத்தையும் ஒரே அச்சில் பூட்டி ஓட்டினால் திருப்பத்தில் டயர் தேய்ந்து இழுக்கும். ஒரு சக்கரத்தை மட்டும் ஓட்டினால் போதும்.

நான்காம் வாரத்திலிருந்து கணக்கும் மாற்று வடிவங்களும். குறைந்தது மூன்று வடிவங்களைக் கையால் வரைந்து வரச் சொல்லுங்கள். கணினியில் வரைந்ததும் மாணவர்கள் அதை முடிந்த வடிவமாக நினைக்கத் தொடங்கிவிடுவார்கள். அதனால் எட்டாம் வாரம் வரை சாஃப்ட்வேர் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. எட்டாம் வாரம் அட்டை, பிளைவுட், பிவிசி குழாய் கொண்டு முழு அளவில் ஒரு மாதிரி. கை நுழையுமா, ஸ்பானர் திரும்புமா, பேட்டரியைக் கழற்ற முடியுமா என்பதெல்லாம் இந்த மாதிரியில் தெரிந்துவிடும். பத்தாம் வாரம் வடிவம் உறையும். அதன் பிறகு எந்த அளவை மாற்றினாலும் காரணம் எழுதி, குழுவில் உள்ள எல்லோரும் கையெழுத்திட வேண்டும்.

இடைத்தண்டைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மாணவர் வண்டிகளில் உடைவதும் வளைவதும் பெரும்பாலும் இங்கேதான். இரண்டாம் செயினில் இழுவை சுமார் 800 நியூட்டன். 14 பல் ஸ்ப்ராக்கெட்டை பேரிங்கிலிருந்து 40 மி.மீ. வெளியே தள்ளி வைத்தால் வளைவு 32 நியூட்டன் மீட்டர், அதோடு முறுக்கு 23. அதிர்ச்சிக்கு 1.5 மடங்கும் கீவேக்கு (ஸ்ப்ராக்கெட்டைத் தண்டோடு பூட்டும் கீ உட்காரும் பள்ளம்) 25 சதவீதக் குறைப்பும் கொடுத்து, ஈஎன்8 என்ற நடுத்தரக் கார்பன் எஃகுக்குக் கணக்கிட்டால் 17 மி.மீ. விட்டம் வரும். 20 மி.மீ. பிரைட் பார், அதற்குப் பொருந்தும் யூசிபி204 பேரிங் இரண்டு, 6 மி.மீ. கீ என்று முடிவு செய்யலாம். அதே ஸ்ப்ராக்கெட்டை 90 மி.மீ. தள்ளி வைத்தால் 21 மி.மீ. வேண்டும், 20 போதாது. கைக்குக் கிடைத்தது என்று 12 மி.மீ. கம்பியைப் போட்டால் முதல் மாதத்திலேயே வளையும். 40-க்கும் 90-க்கும் இடையிலான அந்த 50 மி.மீ. வேறுபாட்டை ஃப்ரேமில் சரிசெய்ய ஒரு கோட்டை நகர்த்தினால் போதும், பைசா செலவில்லை. வரையும் மேஜையில் இதைக் கேட்க வேண்டியவர் நீங்கள்: "இந்த 90 எங்கிருந்து வந்தது?"

சாலை விளிம்பையும் கணக்கில் சேருங்கள். 250 கிலோவை நான்கு சக்கரமும் பகிர, 60 செ.மீ. சக்கரம் ஒன்று 62 கிலோ சுமந்துகொண்டு 5 செ.மீ. உயர விளிம்பில் மெதுவாக ஏற, அந்த ஒரு சக்கரத்துக்கே 100 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வேண்டும். நம்மிடம் 61தான். மோட்டாரை இதற்காகப் பெரிதாக்கக் கூடாது. வண்டிக்காரர் தூக்கித் தள்ளி ஏற்றுவார். ஆனால் மோட்டார் ஓடிக்கொண்டே விளிம்பில் முட்டினால் கீயும் செயினும் அடிவாங்கும், மின்னோட்டமும் ஏறும். அதனால் மின்னோட்ட வரம்பு உள்ள கன்ட்ரோலர், பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 20 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டும் கட்டாயம். முழுச்சுமையில் மோட்டார் 13 ஆம்பியருக்குச் சற்று மேல் எடுக்கும். நாளுக்கு 40 நிமிடம் மேடு என்றால் 9 ஆம்பியர் மணி. ஈய அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்யக் கூடாது என்பதால் 12 வோல்ட், 20 ஆம்பியர் மணி பேட்டரி இரண்டைத் தொடராக இணைக்க வேண்டும்.

வாங்குவதிலும் செய்வதிலும் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் சில. எஸ்.பி. ரோடில் மோட்டாரும் கன்ட்ரோலரும், எஸ்.ஜே.பி. ரோடில் பேரிங்கும் போல்ட்டும் என்று மாணவர்கள் இரண்டு கடைகளில் வாங்குவார்கள். சைக்கிள் செயினுக்கும் 08பி தொழிற்சாலைச் செயினுக்கும் பிட்ச் (அடுத்தடுத்த கண்ணிகளின் இடைவெளி) ஒன்றே, 12.7 மி.மீ.; உள் அகலம் வேறு. ஒன்று 3.3 மி.மீ., மற்றது 7.75. எண்ணைப் பார்த்து வாங்கிவந்தால் பல் செயினுக்குள் நுழையாது. ஸ்ப்ராக்கெட்டையும் செயினையும் ஒரே கடையில், ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்து வாங்க வேண்டும்.

பீன்யா தொழிற்பேட்டையில் லேசர் கட்டிங்குக்குக் கொடுக்கும்போது டிஎக்ஸ்எஃப் வரைபடக் கோப்பு மில்லிமீட்டரில், 1:1 அளவில், மூடிய கோடுகளாக, அளவுக்குறிப்புகள் நீக்கப்பட்டு இருக்கட்டும். ஒரே கோடு இரண்டு முறை விழுந்திருந்தால் இயந்திரம் இரண்டு முறை வெட்டும். தகட்டின் தடிமனைவிடச் சிறிய துளையைக் கேட்காதீர்கள். மடிப்புக்கு அருகே துளை வைத்தால் மடிக்கும்போது நீள்வட்டமாகிவிடும். மடிப்பு ஆரத்தோடு தடிமனின் இரண்டரை மடங்கு தள்ளி வைக்க வேண்டும். மோட்டார் தாங்கும் தகட்டில் வட்டத் துளைக்குப் பதில் 15 மி.மீ. நீளத் துளை, இல்லையென்றால் செயினை இறுக்க வழியிருக்காது. வெல்டிங்கில் எல்லா மூட்டிலும் முதலில் டேக் (சிறு புள்ளி வெல்டு) அடித்து, மூலைவிட்டங்களை அளந்து, அதன் பிறகே முழு வெல்டு. ஒரு மூலையை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் ஃப்ரேம் முறுக்கிக்கொள்ளும், இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் ஒரே கோட்டில் நிற்காது, செயின் கழன்று விழும். பேரிங் துளைகளை வெல்டிங்குக்குப் பிறகு போடுவது நல்லது.

பீன்யா பக்கம் தமிழ் பேசும் டர்னர் கிடைத்தால் மாணவர்கள் வரைபடத்தை வாயால் விளக்கத் தொடங்குவார்கள். விடாதீர்கள். வரைபடத்தைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து நிற்கட்டும். டர்னர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் வரைபடத்தில் விடுபட்ட ஓர் அளவு. அந்தக் கேள்விகளை எழுதி வந்து வரைபடத்தைத் திருத்துவது நான் அறிந்தவரை மிகச் சிறந்த இயந்திர வரைபடப் பாடம்.

பணத்தில் ஐந்தில் ஒரு பங்கை முதல் நாளே ஒதுக்கி வையுங்கள், இரண்டாம் முறை செய்யும் பாகங்களுக்காக. ஏதாவது ஒரு பாகத்தை இரண்டாம் முறை செய்ய வேண்டிவரும். வண்டி முதன்முதல் ஓடும் நாள் இரண்டாம் செமஸ்டரின் ஏழாம் வாரத்தைத் தாண்டக் கூடாது. மீதி வாரங்கள் சோதித்துத் திருத்த. கண்காட்சிக்கு முந்திய இரவில் முதன்முதலாக ஓடும் இயந்திரத்திலிருந்து மாணவர்கள் எதுவும் கற்பதில்லை. திருத்த நேரமே இல்லை. செலவுக்கு கர்நாடக மாநில அறிவியல் தொழில்நுட்பக் கவுன்சிலின் மாணவர் ப்ராஜெக்ட் திட்டம் இருக்கிறது. அலுவலகம் இந்திய அறிவியல் கழக வளாகத்திலேயே. விண்ணப்பத்தில் நீங்கள் அளந்த எண்கள் இருந்தால் உங்கள் கோரிக்கை வலுப்பெறும்.

வாங்கிவரும் ப்ராஜெக்டுகளுக்கு வருகிறேன். இதை இறுதித் தேர்வில் பிடிக்க முயன்றால் தாமதம். வாரம் 20 நிமிடச் சந்திப்பு, ஒரு குழுவுக்கு ஒரு தாள்: என்ன அளந்தோம், என்ன முடிவெடுத்தோம், எங்கே நிற்கிறோம். இந்தத் தாள்கள் இல்லாமல் எந்த மறுஆய்வும் கிடையாது என்று முதல் வாரமே சொல்லிவிடுங்கள். உடைந்த, தப்பான பாகங்களைத் தூக்கி எறியக் கூடாது. மறுஆய்வு மேஜையில் அவையும் வர வேண்டும். வாங்கிய ப்ராஜெக்டில் உடைந்த பாகமே இருக்காது. பிறகு கரும்பலகையில் ஒரு மாற்றம் கேளுங்கள்: சக்கரம் 60-லிருந்து 50 செ.மீ. ஆனால் எது மாறும்? இழுவை மாறாது, முறுக்குவிசை 49 ஆகக் குறையும், அதே வேகத்துக்குச் சக்கரம் 42 சுற்று சுற்ற வேண்டும், ஆகவே விகிதம் 7 போதும். செய்தவர்களுக்குப் பத்து நிமிட வேலை. தனி மதிப்பெண்ணுக்கு, ஒருவர் வடிவமைத்த பாகத்தை இன்னொருவர் விளக்கட்டும். யார் விளக்குவது என்பதை அன்று காலை முடிவு செய்யுங்கள்.

மாணவர்கள் திணறும்போது பேனாவை வாங்கி நாமே போட்டுவிடத் தோன்றும். பொறுங்கள். தவறு ஒரு பாகத்தை வீணாக்கும் என்றால் நடக்கட்டும். விரலையோ கண்ணையோ தொடும் என்றால் அந்த நொடியே நிறுத்துங்கள். செயின் மூடி இல்லாமல் மோட்டாருக்கு மின்சாரம் கிடையாது, வெல்டிங் முகமூடி இல்லாமல் பட்டறைக்குள் இடம் கிடையாது. இதில் பேச்சுவார்த்தை வேண்டாம்.

இனி உங்கள் பதவி உயர்வு. உங்களிடம் சொல்கிறவர்கள் பாதி சரி. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலின் (ஏஐசிடிஇ) விதிப்படி இணைப் பேராசிரியராக பிஎச்.டி. கட்டாயம். ப்ராஜெக்ட் எத்தனை நடத்தினாலும் அதற்கு ஈடாகாது. ஐந்தாம் ஆண்டு முடிவதற்குள் பதிவு செய்துவிடுங்கள். ஆனால் நேரம் வீணாவதற்குக் காரணம் ப்ராஜெக்ட் நடத்துவது அல்ல. ஆண்டுதோறும் நான்கு குழுவுக்கு நான்கு புதுத் தலைப்பு கொடுப்பதுதான் காரணம். ஒவ்வோர் ஆண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கி, மே மாதம் எல்லாம் பழைய இரும்புக்குப் போகிறது.

மூன்று, நான்கு ஆண்டுகள் ஒரே இயந்திரக் குடும்பத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். தள்ளுவண்டியே இருக்கட்டும். நான்கு குழுவில் ஒன்று இயக்கத்தை எடுக்கட்டும், ஒன்று பிரேக்கையும் பின்னிழுப்பையும், ஒன்று எடை குறைந்த ஃப்ரேமை, நான்காவது குழு மற்ற மூன்றையும் சோதிக்கும் கருவியை. அடுத்த ஆண்டுக் குழு முந்தைய ஆண்டின் தோல்விக் கோப்பைப் படித்துவிட்டுத் தொடங்கும். இரண்டே ஆண்டில் உங்களிடம் பல தெருக்களின் உருளும் எதிர்ப்பு, பல சுமைகளின் மின்னோட்டம், உடைந்த தண்டுகளின் முறிவு முகங்கள் சேர்ந்திருக்கும். இவை ஆய்வுக்கட்டுரைக்கான தரவு, பிஎச்.டி. தலைப்பையும் இதே திசையில் எடுத்தால் ஒரே உழைப்பு இரண்டுக்கும் போகும். சோதனைக் கருவி உங்கள் ஆய்வகத்தில் ஒரு புதுப் பரிசோதனையாக நிற்கும். வாராந்தரத் தாள்கள் தேசிய அங்கீகார வாரியத்துக்கான (என்பிஏ) கோப்பில் வடிவமைப்பு, குழுப்பணி, திட்ட மேலாண்மை ஆகியவற்றுக்கான சான்றாகும். துறைத்தலைவருக்கு அதன் அருமை தெரியும். நேரக்கணக்கு: சந்திப்புக்கு வாரம் 80 நிமிடம், பட்டறையில் மூன்று மணி நேரம். ஐந்து மணியைத் தாண்டினால் நீங்கள் மாணவர்களின் வேலையைச் செய்கிறீர்கள் என்று பொருள்.

வடிவமைப்பு கற்பிப்பதையே வாழ்நாள் பணியாக்க முடியுமா என்ற ஐயம் உங்கள் கடிதத்தின் அடியில் தெரிகிறது. அமெரிக்காவின் எம்ஐடியில் மெக்கானிக்கல் பேராசிரியராக இருந்து 2019-இல் மறைந்த வூடி ஃப்ளவர்ஸ், 2.70 என்ற வடிவமைப்புப் பாடத்தால்தான் உலகுக்குத் தெரிந்தார். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரே மாதிரியான பொருள்கள் அடங்கிய பெட்டி, அதைக் கொண்டு ஓர் இயந்திரம், கடைசியில் எல்லோர் முன்னிலையிலும் போட்டி. கண்டுபிடிப்பாளர் டீன் கேமனுடன் அவர் சேர்ந்து வளர்த்த, பள்ளி மாணவர்களுக்கான ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் போட்டிக்கு அந்த வகுப்புதான் வித்து. உங்கள் இரண்டாமாண்டு மாணவர்களுக்கு அதே முறையில் சிறியதாக ஒன்று தொடங்கலாம்: பொம்மை மோட்டார் ஒன்று, பிளைவுட் ஒரு சதுர அடி, ரப்பர் பேண்ட், பத்து திருகு, இரண்டு வாரம். அந்தப் பிள்ளைகள் இறுதியாண்டில் உங்களிடம் வரும்போது கியர் விகிதத்தைப் புதிதாக விளக்க வேண்டியிருக்காது.

இன்னொன்று. மாணவர்கள் உண்மையிலேயே புதிதாக ஏதாவது கண்டுபிடித்தால், அந்தக் கழற்றும் கம்பியைப் போல, கல்லூரிக் கண்காட்சியில் வைப்பதற்கு முன் தற்காலிகக் காப்புரிமை விண்ணப்பம் போட்டுவிடுங்கள். வெளியே காட்டிவிட்டுப் போட்டால் புதுமை என்ற தகுதி போய்விடக்கூடும். தற்காலிக விண்ணப்பத்துக்குப் பிறகு முழு விவரணம் தர 12 மாதம் இருக்கிறது. 2021-இல் விதி திருத்தப்பட்டதிலிருந்து கல்வி நிறுவனங்களுக்குக் கட்டணத்தில் 80 சதவீதம் சலுகை உண்டு. மாணவர்களின் பெயர் கண்டுபிடிப்பாளர் பட்டியலில் முதலில் வரட்டும்.

இந்த வாரமே புகைந்த அந்த வண்டியைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுங்கள். புதுக் குழுவிடம் அதையும் ஒரு தொங்கு தராசையும் தண்ணீர்க் குழாயையும் கொடுத்து, போக்குவரத்து தொடங்குவதற்கு முன், காலை ஆறு மணிக்கு, ஏற்றமுள்ள ஒரு தெருவுக்கு அனுப்புங்கள். மோட்டாரைக் கழற்றிவிட்டு, முதலில் 100 கிலோவில் அளக்கட்டும், பிறகு 250-இல்.